லொய்கர்பாட்: சறுக்கத் தெரியாதவர்களும் போகக்கூடிய பனி ஊர் (அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்)

நம் ஊர்ப் பயண நிறுவனங்களின் சுவிட்சர்லாந்துப் பட்டியலில் டிட்லிஸ், யுங்ஃபிராவ் என்ற பனிச்சிகரங்கள் இரண்டும் கட்டாயம் இருக்கும். ரோப்காரில் ஏறி, பனியில் ஒரு படம் எடுத்து, இறங்கிவிட வேண்டியதுதான். லொய்கர்பாட் அந்தப் பட்டியலில் இருக்காது. மார்ச் மாதம் ஒரு முறை அங்கே நான்கு இரவு தங்கிவிட்டு வந்ததிலிருந்து நண்பர்களும் உறவினர்களும் என்னிடம் கேட்டுக்கொண்டே இருக்கிற கேள்விகளை இங்கே சேர்த்திருக்கிறேன்.

லொய்கர்பாட் எங்கே இருக்கிறது?

சுவிட்சர்லாந்தின் தென்மேற்கில், வாலிஸ் மாநிலத்தில். ரோன் ஆற்றுப் பள்ளத்தாக்கிலிருந்து தாலா என்ற ஓடை வரும் பக்கவாட்டுப் பள்ளத்தாக்கில் ஏறிப்போனால், பாதை முடிகிற இடத்தில் 1,411 மீட்டர் உயரத்தில் ஊர் வரும். நிரந்தரமாக வசிப்பவர்கள் ஏறக்குறைய 1,400 பேர். ஊரின் முதுகில் கெம்மி என்ற செங்குத்துப் பாறைச் சுவர், ஊரைவிட சுமார் 900 மீட்டர் உயரம். முதல் நாள் காலை ஜன்னலைத் திறந்தபோது எதிரே வானமே இல்லை, பாறைதான் இருந்தது. கொஞ்சம் மிரண்டுதான் போனேன்.

பிரெஞ்சில் இதே ஊரை லோயெஷ்-லே-பேன் என்பார்கள். வாலிஸின் கீழ்ப்பாதி பிரெஞ்சு பேசும், மேல்பாதி ஜெர்மன் பேசும். அறை பதிவு செய்யும்போது இதை லென்க் என்ற ஊரோடு குழப்பிக்கொள்ளாதீர்கள். அதுவும் பனிச்சறுக்கு ஊர்தான், ஆனால் மலைக்கு அந்தப் பக்கம்.

எனக்குப் பனிச்சறுக்கு தெரியாது. கற்றுக்கொள்ளும் ஆசையும் இல்லை. போய் என்ன செய்வது?

உங்களுக்காகவே சொல்கிற ஊர் இது. பெரிய சறுக்கு ஊர்களில் சறுக்காதவர்கள் இரண்டாம் நாளே ஓட்டல் வரவேற்பறையில் உட்கார்ந்து கைப்பேசியைத் தேய்க்க ஆரம்பித்துவிடுவார்கள். இங்கே கதை வேறு. நானூறு, ஐந்நூறு ஆண்டுகளாக ஜனங்கள் இங்கே வந்தது தண்ணீருக்காக. சறுக்கு பின்னால் வந்து சேர்ந்ததுதான்.

கெம்மிக்கு ரோப்கார் இருக்கிறது. மேலே இறங்கினால் 2,350 மீட்டர். வானம் தெளிவாக இருந்தால் தெற்கே மாட்டர்ஹார்ன், வைஸ்ஹார்ன், மோன்டே ரோசா என்று நாலாயிரம் மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்கள் வரிசையாகத் தெரியும். பின்பக்கம் டவுபென்சே என்ற ஏரி, குளிர்காலம் முழுக்க உறைந்து கிடக்கும். அதுவரை இறங்கச் சிறிய ரோப்கார் ஒன்று உண்டு. அங்கே பனியை இயந்திரத்தால் அமுக்கி நடைபாதை போட்டு வைத்திருக்கிறார்கள். நல்ல காலணியும் பிடிக்கக் கோலும் இருந்தால் போதும்.

கால் வலு உள்ளவர்கள் அதே பாதையில் மலையைத் தாண்டி சுன்பியூல் வரை போகலாம். ஒன்பது பத்துக் கிலோமீட்டர், மூன்று மணி நேரம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அங்கிருந்து ரோப்காரில் காண்டர்ஸ்டெக் இறங்கினால் நீங்கள் வேறு மாநிலத்தில், பெர்னில் இருப்பீர்கள். ரயிலில் சுற்றித் திரும்பி வரலாம். சறுக்குப் பலகை ஒன்றும் இல்லாமல் ஆல்ப்ஸ் மலைத்தொடர் ஒன்றைக் குளிர்காலத்தில் கடந்துவிட்டேன் என்று ஊரில் சொல்லிக்கொள்ளலாம். நானும் சொல்லிக்கொண்டுதான் இருக்கிறேன்.

ஒரே ஒரு எச்சரிக்கை. சீட்டு வாங்குமுன் மலை உச்சிக் கேமராவை இணையத்தில் பாருங்கள். நான் முதல் நாள் பார்க்காமல் ஏறி, வெள்ளைத் துணியால் கண்ணைக் கட்டிவிட்டது போன்ற மேகத்துக்குள் அரை மணி நேரம் நின்றுவிட்டு இறங்கினேன். காற்று பலமாக இருந்தால் ரோப்கார் ஓடவே ஓடாது.

சறுக்கத் தெரிந்தவர்களுக்கு?

டோரென்ட் என்ற பகுதி. ஊரிலிருந்து ரோப்காரில் 2,300 மீட்டர் உயரத்திலுள்ள ரிண்டர்ஹூட்டே போய், அங்கிருந்து மேலும் ஏறலாம். ஐம்பது கிலோமீட்டர் அளவுக்குத் தடங்கள். செர்மாட், வெர்பியே போன்ற பெரிய சறுக்கு ஊர்களைப் பார்த்தவர்களுக்கு இது சின்னதுதான், மூன்று நாளில் எல்லாவற்றையும் இரண்டு முறை பார்த்துவிடுவீர்கள். பதிலுக்கு வரிசையில் நிற்கும் நேரம் குறைவு. தடங்களில் நீலக் குறி எளிது, சிவப்பு நடுத்தரம், கறுப்பு கடினம். புதிதாகக் கற்பவர்கள் ஊருக்குள்ளேயே இருக்கும் சிறு சரிவில் பயிற்சியாளரோடு தொடங்குவது நல்லது. கூட வந்த நண்பர் கற்றுத்தருவார் என்று நம்பிப் போனால் நட்பும் போகும், முட்டியும் போகும்.

அந்த வெந்நீர் எங்கிருந்து வருகிறது? உண்மையிலேயே பூமிக்குள்ளிருந்தா, இல்லை காய்ச்சி ஊற்றுகிறார்களா?

பூமிக்குள்ளிருந்துதான். எரிமலை எதுவும் இல்லை. சுற்றியுள்ள மலைகளில் விழும் மழையும் உருகும் பனியும் பாறை இடுக்குகள் வழியே கீழே கீழே இறங்குகிறது. கடல் மட்டத்துக்கும் கீழே அரைக் கிலோமீட்டர் ஆழம்வரை போகிறது என்கிறார்கள். ஆழத்துக்குப் போகப் போகப் பாறை சூடு. சூடேறிய நீர் பிளவுகள் வழியே வேகமாக மேலேறி, ஊரின் நடுவிலேயே கொப்புளிக்கிறது. இந்தச் சுற்றுக்குச் சுமார் 40 ஆண்டு ஆகிறதாம். அதாவது இன்று நீங்கள் முங்குகிற தண்ணீர் பெரும்பாலும் 1980களில் விழுந்த பனி.

முக்கிய ஊற்றான புனித லாரன்ஸ் ஊற்றில் வெப்பநிலை 51 டிகிரி. எல்லா ஊற்றும் சேர்ந்து ஒரு நாளைக்கு 39 லட்சம் லிட்டர் தருகின்றன. கையை வைத்தால் சுடும். அதனால் குளங்களுக்கு அனுப்பும்போது ஆற்றித்தான் அனுப்புகிறார்கள், காய்ச்சி அல்ல. வரும் வழியில் ஜிப்சம் பாறையைக் கரைத்து வருவதால் சுண்ணமும் சல்பேட்டும் அதிகம். அழுகிய முட்டை வாசம் வருமோ என்று பயப்பட வேண்டாம், எனக்கு அப்படி எதுவும் தெரியவில்லை.

1501இல் மத்தேயுஸ் ஷீனர் என்ற பிஷப் (பின்னாளில் கார்டினல்) இந்தக் குளியலிடங்களின் உரிமையை வாங்கி விடுதிகள் கட்டிப் பெயர் பரப்பினார். அந்தக் காலத்து வைத்தியம் கேட்டால் சிரிப்பு வரும், நாள் முழுக்கத் தண்ணீரிலேயே உட்கார்ந்திருக்க வேண்டும். 1878இல் கெம்மி வழியாக இறங்கிவந்த அமெரிக்க எழுத்தாளர் மார்க் ட்வெய்ன் இதைப் பார்த்து எழுதியிருக்கிறார். ஆண்களும் பெண்களும் நீண்ட அங்கியோடு ஒரே தொட்டியில் மணிக்கணக்காக உட்கார்ந்திருக்க, முன்னால் மிதக்கும் சின்ன மேசைகள், அதில் சாப்பாடு, புத்தகம், சதுரங்கம்.

இப்போது எத்தனை மணி நேரம் இருக்கலாம்? எந்தக் குளியலிடம் நல்லது?

பொதுமக்களுக்கான பெரிய இடங்கள் இரண்டு. லொய்கர்பாட் தெர்மே குடும்பங்களுக்கானது. பத்துக் குளங்கள், வெதுவெதுப்பிலிருந்து நன்றாகச் சுடுகிற 44 டிகிரி தொட்டிவரை. குழந்தைகளின் சத்தம் இருக்கும். வாலிசர் ஆல்பன்தெர்மே கொஞ்சம் அமைதியானது, அதன் வெளிக்குளத்திலிருந்து பாறைச் சுவர் அப்படியே தலைக்கு மேல் நிற்கும். பல ஓட்டல்களுக்குச் சொந்தக் குளமும் உண்டு, அறை பதிவு செய்யுமுன் கேட்டுக்கொள்ளுங்கள்.

மூன்று மணி நேரச் சீட்டு போதும். சுடுநீரில் ஒரே மூச்சில் கால் மணி நேரத்துக்கு மேல் வேண்டாம். வெளியே வந்து உட்கார்ந்து, தண்ணீர் குடித்து, மறுபடி போங்கள். இதயக் கோளாறு, ரத்த அழுத்தம், கர்ப்பம் என்றால் மருத்துவரிடம் கேட்காமல் 40 டிகிரி தொட்டிப் பக்கம் போகவே வேண்டாம்.

இருட்டிய பிறகு, பனி கொட்டும்போது வெளிக்குளத்தில் கழுத்துவரை இருந்து பாருங்கள். தலைமுடி உறைந்து விறைக்கும், உடம்பு இளகிக்கிடக்கும். போன செலவு அதிலேயே தீர்ந்துவிட்டது எனக்கு.

என்ன உடுத்த வேண்டும்? அங்கே ஆடையே இல்லாமல் குளிப்பார்கள் என்று கேள்விப்பட்டேனே?

இரண்டும் உண்டு, தனித்தனியாக. குளங்களில் நீச்சலுடை கட்டாயம். பருத்தி டி-ஷர்ட், பெர்முடா, உள்ளாடைக்கு மேல் ஷார்ட்ஸ் இதெல்லாம் நடக்காது. உடம்பை முழுதாக மூடும் உடை வேண்டும் என்றால் நீச்சல் துணியில் தைத்ததாக இருக்க வேண்டும். எந்த இடத்தில் அனுமதி என்று முன்கூட்டியே மின்னஞ்சலில் கேட்டுவிடுவது நல்லது. குளத்தில் இறங்குமுன் சோப்புப் போட்டுக் குளிப்பதும் கட்டாயம்.

சானா என்ற சூடான வியர்வை அறைகளில் தலைகீழ். அங்கே துணியோடு போவதுதான் அநாகரிகம். ஆண், பெண் எல்லோரும் சேர்ந்தே இருப்பார்கள், யாரும் யாரையும் பார்க்க மாட்டார்கள். ஆல்பன்தெர்மேயில் உள்ள ரோமானிய-ஐரிஷ் குளியலும் அப்படித்தான். சூட்டறை, நீராவி, சோப்புத் தேய்ப்பு, குளங்கள் என்று ஏறக்குறைய இரண்டு மணி நேரம் ஒன்றன்பின் ஒன்றாகக் கூட்டிப்போவார்கள். வாசலிலேயே பலகை இருக்கும், தெரியாமல் நுழைந்துவிட முடியாது. கூச்சம் இருந்தால் விட்டுவிடுங்கள். மாமனார் மாமியாரோடு போகிறவர்கள் கட்டாயம் விட்டுவிடுங்கள்.

எப்படிப் போவது?

ரயிலில் லொய்க் நிலையம், அங்கிருந்து பஸ்ஸில் அரை மணி நேரம். ஜெனீவா விமான நிலையத்திலிருந்து லொய்க்கில் நிற்கும் நேரடி ரயில்களே இருக்கின்றன, இரண்டேகால் மணி நேரம் போல ஆகும். சூரிச்சிலிருந்து வந்தால் ஃபிஸ்ப் நிலையத்தில் மாற வேண்டும். 2007இல் திறந்த 34.6 கிலோமீட்டர் லோட்ச்பெர்க் சுரங்கம் வழியாக வருவதால் இதுவும் சிரமமில்லை.

பஸ் பள்ளத்தாக்கின் விளிம்பில் வளைந்து வளைந்து ஏறும். வாந்தி வரும் ஆட்கள் முன் இருக்கையைப் பிடியுங்கள். 1915இலிருந்து 1967வரை இங்கே பல்சக்கர ரயில் ஓடியது, பிறகு பஸ்ஸுக்கு மாற்றிவிட்டார்கள். இருந்திருந்தால் இன்று அதற்காகவே கூட்டம் வரும்.

சுவிஸ் டிராவல் பாஸ் இருந்தால் ரயிலும் பஸ்ஸும் அதிலேயே அடங்கும்.

இத்தனை சின்ன ஊருக்கு எப்படி இவ்வளவு பெரிய வசதிகள்?

கடன் வாங்கித்தான். 1980களிலும் 90களிலும் ஊராட்சி குளியலிடம், விளையாட்டு அரங்கம், ரோப்கார், நகராட்சிக் கட்டடம் என்று கட்டித் தள்ளியது. 1998இல் கணக்கைப் பார்த்தால் கடன் 34 கோடி பிராங்குக்கும் மேல். ஊரில் அப்போது ஏறக்குறைய 1,500 பேர்! குழந்தைகள் உட்பட ஆளுக்கு இரண்டு லட்சம் பிராங்குக்கு மேல் வருகிறது. மாநில அரசு ஊர் நிர்வாகத்தையே தன் கையில் எடுத்துக்கொண்டது. ஊர்த்தலைவராக இருந்தவர் பின்னர் சிறைத் தண்டனை பெற்றார். கடன் கொடுத்தவர்கள் பெரும்பகுதியை இழந்தார்கள். சுவிட்சர்லாந்தில் ஓர் ஊராட்சி திவாலாகுமா என்று நாடே வாய்பிளந்த சமாச்சாரம் அது. ஊர் எழுந்து நிற்கிறது, குளங்களில் நாம் குளிக்கிறோம். யார் காசு என்று மட்டும் யோசிக்காதீர்கள்.

நம் நிறத்தைப் பார்த்து உற்றுப்பார்ப்பார்களா?

இந்தக் கேள்விக்கு இந்த ஊரில் தனி வரலாறே இருக்கிறது. 1951இல் ஜேம்ஸ் பால்ட்வின் என்ற கறுப்பின அமெரிக்க எழுத்தாளர், நண்பரின் குடும்பத்துக்கு இங்கே இருந்த வீட்டில் வந்து தங்கினார். ஊரில் அப்போது சினிமாக் கொட்டகை இல்லை, வங்கி இல்லை, நூலகம் இல்லை. இருந்த ஒரே தட்டச்சு இயந்திரம் அவருடையது. கறுப்பு மனிதரை ஊர்க்காரர்கள் அதுவரை பார்த்ததே இல்லை. பிள்ளைகள் தெருவில் அவர் நிறத்தைச் சொல்லிக் கூவினார்கள். சிலர் மின்சாரம் தாக்குமோ என்பதுபோல முடியைத் தொட்டுப்பார்த்தார்கள். கையைத் தேய்த்து, நிறம் ஒட்டவில்லையே என்று வியந்தார்கள். அந்தக் குளிர்காலத்தில் தன் முதல் நாவலை அவர் இங்கேதான் முடித்தார். இந்த அனுபவத்தை வைத்து 1953இல் அவர் வெளியிட்ட கட்டுரை, இன்றும் நிறவெறி பற்றிப் பேசும்போதெல்லாம் எடுத்துப் படிக்கப்படுகிறது.

இன்று அப்படி இல்லை. நான் இருந்த நான்கு நாளும் யாரும் திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. எதிர்ப்படுகிறவர்கள் தெரியாதவர்களுக்கும் வணக்கம் சொல்வார்கள், "குட்டன் டாக்" என்று பதில் சொன்னால் போதும். 1980களிலிருந்து வந்து குடியேறிய ஈழத்தமிழர்கள் சுவிட்சர்லாந்தின் ஓட்டல் சமையலறைகளில் நிறையப் பேர் வேலை பார்க்கிறார்கள். அதனால் இந்த நாட்டில் எங்கே சாப்பிட உட்கார்ந்தாலும் உள்ளிருந்து தமிழ் கேட்க வாய்ப்பு உண்டு.

சைவம் கிடைக்குமா?

கிடைக்கும், ஆனால் இரண்டாம் நாளே பாலாடைக்கட்டி அலுத்துவிடும். வாலிஸின் பெருமை ராக்லெட். பாலாடைக்கட்டியை நெருப்பில் காட்டி, உருகும் பகுதியை அவித்த உருளைக்கிழங்கின் மேல் வழித்துப் போடுவார்கள். ஊறுகாய் வெள்ளரியும் சின்ன வெங்காயமும் தொட்டுக்கொள்ள. ஒரு விஷயம்: பழைய முறைச் சுவிஸ் பாலாடைக்கட்டிகளை உறைய வைக்கக் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும் ரென்னெட் சேர்ப்பார்கள். சுத்த சைவர்கள் இதைத் தெரிந்துகொண்டு முடிவு செய்யுங்கள். உருக்கிய பாலாடைக்கட்டியில் ரொட்டியைத் தோய்த்துச் சாப்பிடும் ஃபோன்டூவில் வெள்ளை ஒயின் சேரும்.

இந்த ஊர்ப் பக்கத்துக்கே உரிய ஒரு பதார்த்தத்தின் பெயர் காலரா. பயந்துவிடாதீர்கள், உருளைக்கிழங்கு, லீக் (வெங்காயத் தாள் போன்றது), ஆப்பிள், பாலாடைக்கட்டி வைத்துச் சுடுகிற பை. 19ஆம் நூற்றாண்டில் காலரா பரவியபோது வீட்டை விட்டு வெளியே போகாமல் இருந்ததை எல்லாம் போட்டுச் சுட்டதால் இந்தப் பெயர் என்று ஒரு கதை. இனிப்பும் உப்பும் கலந்து வரும், எனக்கு ராக்லெட்டைவிடப் பிடித்தது. சில கடைகளில் பன்றியிறைச்சித் துண்டும் சேர்ப்பார்கள், கேட்டு வாங்குங்கள்.

செலவு குறைய வேண்டும் என்றால் சமையலறை உள்ள அடுக்குமாடி வீடு எடுத்து, அரிசி பருப்பு சமைத்துக்கொள்ளுங்கள். ஊறுகாய், பொடி கொண்டுபோகலாம். நெய், பால் பொருள், இறைச்சி மட்டும் பெட்டியில் வேண்டாம், இந்தியாவிலிருந்து கொண்டுவர அனுமதி இல்லை. ஞாயிற்றுக்கிழமையை நம்பிச் சாமான் வாங்காமல் இருந்துவிடாதீர்கள்.

பக்கத்துக் கிராமத்தில் குடியேறினால் பணம் தருகிறார்களாமே?

வாட்ஸ்அப்பில் பாதி வந்திருக்கும். ஊர் பெயர் அல்பினென், லொய்கர்பாட்டுக்கு மிகப் பக்கம், 250 பேர்கூட இல்லாத கிராமம். இளம் குடும்பங்கள் வெளியேறியதால், 2017இல் ஊர்க்கூட்டத்தில் வாக்கெடுத்து, வந்து குடியேறும் பெரியவர் ஒருவருக்கு 25,000 பிராங்கும் குழந்தைக்கு 10,000 பிராங்கும் தருவது என்று முடிவு செய்தார்கள். வாட்ஸ்அப்பில் வராத மீதிப் பாதி: வயது 45க்குக் கீழே இருக்க வேண்டும், குறைந்தது இரண்டு லட்சம் பிராங்கில் அங்கே வீடு வாங்கவோ கட்டவோ வேண்டும், பத்து ஆண்டு இருக்க வேண்டும், சுவிஸ் குடியுரிமையோ நிரந்தர வசிப்பு அனுமதியோ இருக்க வேண்டும். நம்மவர்களில் ஏற்கெனவே சுவிஸ்காரர்களாகிவிட்டவர்கள் வேண்டுமானால் யோசிக்கலாம். மற்றவர்கள் கறுத்த மரவீடுகளைப் பார்த்துவிட்டுக் காப்பி குடித்துவிட்டு வரலாம்.

விசா, காப்பீடு?

ஷெங்கன் விசா. குறைந்தது 30,000 யூரோ மருத்துவக் காப்பீடு அதற்கே தேவை. ஆனால் மலிவான காப்பீடுகளில் பனி விளையாட்டு விபத்து சேராது. சறுக்குகிறவர்கள் அந்த வரியைத் தேடிப் படித்துவிட்டு வாங்குங்கள். மலையில் விழுந்தால் ஹெலிகாப்டர்தான் வரும், அதன் கட்டணம் காலை முறித்த வலியைவிட அதிகம் வலிக்கும். அவசர எண் 144.

எப்போது போகலாம்? எத்தனை நாள்?

சறுக்குப் பருவம் டிசம்பர் நடுவிலிருந்து ஏப்ரல் தொடக்கம்வரை. கிறிஸ்துமஸ்-புத்தாண்டு வாரமும், ஐரோப்பியப் பள்ளிகளுக்கு விடுமுறை விடும் பிப்ரவரியும் கூட்டம், விலையும் ஏறும். ஜனவரி பிற்பாதி மலிவு, கடுங்குளிர். மார்ச்சில் பகல் நீளம், வெயில் இதம், மேலே பனியும் இருக்கும். என் ஓட்டு மார்ச்சுக்கு. மூன்று இரவு குறைந்தபட்சம், ஏனென்றால் ஒரு நாளை மேகம் தின்றுவிடும். தங்குமிடத்தில் தரும் விருந்தினர் அட்டையை வாங்க மறக்காதீர்கள், ஊர்ப் பஸ்ஸிலும் சில இடங்களிலும் சலுகை உண்டு.

ஜூலை கடைசி ஞாயிறு போக முடிந்தால் டவுபென்சே கரையில் மேய்ப்பர் திருவிழா. கறுப்பு மூக்கு வெள்ளை ஆடுகள் நூற்றுக்கணக்கில் மலையிறங்கி உப்பு நக்க ஓடிவரும். கெம்மிப் பாறையில் 1740ஐ ஒட்டித் திரோல் நாட்டுத் தொழிலாளர்கள் வெட்டிய பாதையும் கோடையில்தான் நடக்கத் திறந்திருக்கும். 1861இல் ஒரு பிரெஞ்சுச் சீமாட்டி தவறி விழுந்து இறந்த பாதை அது, தலைசுற்றல் உள்ளவர்கள் ரோப்காரிலேயே வாருங்கள்.

ஈரத் தலையோடு பனியில் நடந்தால் சளி பிடிக்காதா?

என் அம்மாவும் தொலைபேசியில் இதைத்தான் கேட்டார். குளியலிடங்களில் தலை உலர்த்தும் கருவி வரிசையாக வைத்திருக்கிறார்கள். கம்பளிக் குல்லாயை மட்டும் அறையிலேயே வைத்துவிட்டுப் போய்விடாதீர்கள்.